பயிற்சி உள்ளவர், இல்லாதவர், ஆண், பெண்: வலுவையும் திறனையும் எப்படி அளந்து ஒப்பிடுவது?

காடுகோடி வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன ஜிம் இருக்கிறது. புதிதாக வரும் பெண்களிடம் "வெயிட் தூக்கி உங்களுக்கு ஒன்றும் ஏறாது, டிரெட்மில் போதும்" என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வளர்ந்து, அளந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவாகியிருக்கிறது.

22 முதல் 35 வயது வரை 48 பேர். பயிற்சி உள்ள ஆண் 12, இல்லாத ஆண் 12, பெண்களிலும் அப்படியே. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), லெக் பிரஸ் (சாய்ந்து உட்கார்ந்து எடையைக் காலால் தள்ளுவது) இரண்டிலும் ஒரே முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை, அப்புறம் சுவரோரம் நின்று தாவும் உயரம். கையில் இருப்பது 20 கிலோ ராடு, 2.5 கிலோவில் தொடங்கும் பிளேட்டுகள், 45 டிகிரி லெக் பிரஸ், சாக்பீஸ், இன்ச் டேப். வருகிற எண்ணை உடல் எடையால் வகுத்து நாலு குழுவுக்கும் சராசரி போட்டால் போதுமா? எங்கே தப்பு வரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

இரும்புத்தட்டு பதில்:

ஒரே ஞாயிற்றுக்கிழமை என்பதை முதலில் கைவிடுங்கள். பெஞ்ச் பிரஸ் ராடை வாழ்நாளில் தொடாத ஒருவர் முதல் நாள் தூக்குகிற எடையில் அவருடைய வலு முழுதாகத் தெரியாது. மீதியை மறைப்பது, ராடு ஆடுவதும் எங்கே மூச்சைப் பிடிப்பது என்று தெரியாததும். அதே ஆள் இரண்டு நாள் பழகிவிட்டு வந்தால் தசை ஒரு கிராம்கூடக் கூடாமல் எண் ஏறிவிடும். பயிற்சி உள்ளவருக்கு இந்த ஏற்றம் இருக்காது. பழக்காமல் அளந்தால் இரண்டு குழுவுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொய்யாகப் பெருத்துத் தெரியும். ஆகவே பழக்க நாள் இரண்டு, நடுவில் 48 மணி நேரமாவது ஓய்வு, மூன்றாவது நாள் சோதனை. இரண்டாம் நாள் எண்ணுக்கும் மூன்றாம் நாள் எண்ணுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நபரை இன்னொரு நாள் அளந்தே ஆக வேண்டும்.

"பயிற்சி உள்ளவர்" யார் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். என் அளவுகோல்: குறைந்தது ஒரு வருடம், வாரத்துக்கு இரண்டு நாளாவது எடைப் பயிற்சி, மேலுடம்பும் காலும் இரண்டும், கடைசி மூன்று மாதத்தில் பெரிய இடைவெளி இல்லாமல். இரண்டு வருடமாக ஜிம்முக்கு வருகிற ஒரு பெண் ஜும்பாவும் டிரெட்மில்லும் மட்டும் செய்திருந்தால் இந்தச் சோதனைக்கு அவர் பயிற்சி இல்லாதவர்தான். நெஞ்சும் பைசெப்ஸும் மட்டும் செய்கிற ஆணும் லெக் பிரஸ்ஸில் அப்படியே. கப்பன் பூங்காவில் தினமும் ஓடுகிறவர்களை இரண்டு பக்கமும் சேர்க்காதீர்கள். அவர்கள் தனி இனம்.

இப்போது உங்கள் ராடும் பிளேட்டும். யாரும் கவனிக்காத தவறு இங்கேதான் நடக்கிறது. பயிற்சி இல்லாத பெண்ணின் பெஞ்ச் பிரஸ் அதிகபட்சம் 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வெறும் ராடே 20 கிலோ. வார்ம்-அப்புக்கு அதில் பாதி, அதாவது 11 கிலோ வேண்டும். உங்களிடம் அப்படி ஒன்று இல்லை. இரண்டு பக்கமும் 2.5 போட்டால் நேராக 25. அவரால் முடியாது, 20 என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் அவர் 22. கிட்டத்தட்ட 10 சதவீதம் காணாமல் போய்விட்டது. 80 கிலோ தூக்குகிற ஆணுக்கு அதே 5 கிலோத் தாவல் 6 சதவீதம்தான். கருவியே பெண்களின் எண்ணைக் கீழே இழுக்கும். 10 கிலோ ராடு ஒன்று வாங்கவோ இரவல் கேட்கவோ செய்யுங்கள்; 0.5, 1.25 கிலோ பிளேட்டுகள் கட்டாயம். எடை தூக்கும் போட்டிகளிலேயே பெண்களுக்கு 15 கிலோ ராடு, 25 மி.மீ. தடிமன், ஆண்களுக்கு 20 கிலோ, 28 மி.மீ. கைப்பிடி அளவுகூட முக்கியம் என்பதால்தான் அது.

தூக்கும் முறை: உத்தேச அதிகபட்சத்தில் பாதி எடையில் 8 முறை, ஒரு நிமிட ஓய்வு. 70 சதவீதத்தில் 4 முறை, இரண்டு நிமிடம். 85 சதவீதத்தில் 2 முறை, மூன்று நிமிடம். பிறகு ஒற்றை ஒற்றையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு மூன்று நிமிடம். ஐந்து முயற்சிக்குள் உச்சத்தைப் பிடித்தாக வேண்டும். ஏழு எட்டு என்று இழுத்தால் நீங்கள் அளப்பது களைப்பை. ராடு நெஞ்சைத் தொட வேண்டும், எகிறக் கூடாது, பிட்டம் பெஞ்சை விட்டு எழக் கூடாது, துணைக்கு நிற்பவர் விரல் பட்டாலே அந்த முயற்சி கணக்கில் இல்லை. ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே நடுவர்.

லெக் பிரஸ்ஸில் ஏமாற்று அதிகம். முழங்கால் 90 டிகிரி வரை மடங்கியாக வேண்டும். சட்டத்தில் ஒரு டேப் ஒட்டி, அதைத் தாண்டி இறங்கினால்தான் கணக்கு. உயரம் குறைந்தவருக்கு முதுகுப் பலகையை முன்னால் நகர்த்தாவிட்டால் அவர் கால் மடக்கத்தின் கோணமே வேறு. தள்ளுகிற சட்டத்தின் சொந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிச் சாய்வில் மொத்த எடையில் 0.707 பங்குதான் காலுக்கு எதிராக வரும். அதனால் இந்த எண்ணை வேறு ஜிம் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஒற்றை உச்சத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு: 5 முறைக்கு மேல் முடியாத எடையைப் பிடித்து, எடை × 36 ÷ (37 − முறை). 60 கிலோ 5 முறை என்றால் 67.5. பத்து முறைக்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

---

பிசியோ மல்லேசுவரம் பதில்:

இரும்புத்தட்டு சொன்னதற்கு மேல் வலுவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. திறனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியில் இரண்டும் கலந்து கிடக்கிறது.

வலு என்பது எவ்வளவு விசை கொடுக்க முடியும் என்பது. நேரக் கணக்கு கிடையாது. திறன் என்பது பள்ளிக்கூட இயற்பியலில் படித்ததுதான்: விசை × வேகம், அலகு வாட். லெக் பிரஸ்ஸில் மூன்று விநாடி நடுங்கித் தள்ளி ஏற்றுகிறவருக்கு வலு உண்டு. தாவலில் பாதம் தரையை உந்தும் கால் விநாடிக்குள் (0.25) விசையைக் கொட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை.

தாவல் அளக்கும்போது: பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் பட, கையை உயர்த்தி விரல் நுனியில் சாக்பீஸ் தடவி ஒரு குறி. பிறகு தாவி உச்சத்தில் இன்னொரு குறி. நடுவில் உள்ளது உயரம். முதல் குறியில் தோளை முழுக்க நீட்டாமல் வைத்தால் 3, 4 செ.மீ. இனாமாகக் கிடைத்துவிடும், நீங்களே முழங்கையைத் தொட்டு நிமிர்த்திப் பாருங்கள். கை வீசலாமா கூடாதா என்று முதலிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் அதையே வையுங்கள். மூன்று தாவல், நடுவே ஒரு நிமிடம், நல்லதை எடுங்கள்.

சுவரை விட நல்ல வழி, நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கிற போன். தரையோடு வைத்து, கால் விரல் தரையை விட்ட ஃப்ரேமிலிருந்து மறுபடி தொட்ட ஃப்ரேம் வரை எண்ணி, 240-ஆல் வகுத்தால் காற்றில் இருந்த நேரம். உயரம் = 9.81 × நேரம் × நேரம் ÷ 8. அரை விநாடி என்றால் 30.7 செ.மீ. ஒரு ஃப்ரேம் பிசகினால் அரை செ.மீ. தான் தப்பு. சாதாரண 30 ஃப்ரேம் வீடியோவில் அதே பிசகு 4 செ.மீ.; அதை வைத்து ஒப்பிட முடியாது. முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் காற்று நேரம் கூடிப் பொய் சொல்லும். கால் நீட்டியபடி விரலில் இறங்கி அப்புறம் மடக்கச் சொல்லுங்கள்.

உயரத்திலிருந்து வாட்: (60.7 × செ.மீ.) + (45.3 × உடல் எடை) − 2055. 70 கிலோ ஆண் 45 செ.மீ. தாவினால் சுமார் 3848 வாட். 55 கிலோ பெண் 30 செ.மீ. தாவினால் 2258.

மாடிப்படி இருப்பதால் இன்னொன்றும் செய்யலாம். 6 மீட்டர் ஓடி வந்து, மூன்று மூன்று படியாகத் தாவி, 3-ஆவது படியிலிருந்து 9-ஆவது படி வரை ஆகும் நேரம். எடை × 9.81 × செங்குத்து உயரம் ÷ விநாடி. படி ஒவ்வொன்றும் 17.5 செ.மீ. என்றால் ஆறு படிக்கு 1.05 மீ.; 70 கிலோ ஆள் 0.55 விநாடியில் கடந்தால் 1311 வாட். கைக் கடிகாரத்தில் பிடிக்காதீர்கள், அரை விநாடி விஷயத்தில் விரல் தாமதமே பாதியைத் தின்றுவிடும்; அதே 240 ஃப்ரேம் வீடியோவே வழி. குட்டைக் கால் உள்ளவருக்கு மூன்று படித் தாவல் கஷ்டம், ஆகவே ஆண் பெண் ஒப்பீட்டுக்கு என் ஓட்டு தாவலுக்கே.

வரிசை முக்கியம்: தாவல் முதலில், ஐந்து நிமிடம் கழித்து பெஞ்ச், கடைசியில் லெக் பிரஸ். மாற்றிச் செய்தால் களைத்த காலோடு தாவுவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரம். மாலையில் வலு சற்றுக் கூடி நிற்பது வழக்கம், பாதிப் பேரைக் காலையிலும் மீதியை மாலையிலும் அளந்தால் கலப்படம். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் வார்ம்-அப்பைப் பத்து நிமிடத்துக்கு நீட்டுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் பைக்கில் உட்கார்ந்து வந்தவரை இறங்கியதும் தாவச் சொல்லாதீர்கள். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒற்றைத் தாவலுக்கும் ஒற்றைத் தூக்கலுக்கும் ஆக்சிஜன் கணக்கே வராது.

ரத்த அழுத்தம் உள்ளவர், குடலிறக்கம் உள்ளவர், குழந்தை பெற்று ஆறு மாதம் ஆகாதவர் யாரையும் மருத்துவர் சொல்லாமல் சேர்க்காதீர்கள். மூச்சைப் பிடித்துத் தள்ளும்போது அழுத்தம் சரேலென்று ஏறும்.

---

கர்லாக்கட்டை பதில்:

இவ்வளவு தேவையா? பயிற்சி எடுத்த பெண், எடுக்காத ஆணை மிஞ்சிவிடுவார். ஆளுக்கு ஒரு நிமிடம் தண்டால் எடுக்கச் சொல்லி எண்ணுங்கள், பதில் கிடைத்துவிடும்.

---

எண்கணக்கு பதில்:

கர்லாக்கட்டை அண்ணா, அப்படி ஒரே வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கையில் வரும். ஆளுக்கு ஆள் சுமை வேறு. ஒரு நிமிடம் எண்ணுவது தாக்குப்பிடிப்பை, வலுவை அல்ல. கைப்பிடி வலுவில், அதாவது கையால் எவ்வளவு இறுக்க முடியும் என்பதில், நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர். ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஆய்வில், தேசிய அளவில் ஜூடோவும் ஹேண்ட்பாலும் ஆடுகிற பெண்களைச் சாதாரண இளைஞர்களோடு வைத்துப் பார்த்தார்கள். அந்த உச்சப் பயிற்சிப் பெண்களே பயிற்சி இல்லாத ஆண்களின் நடு அளவைத் தாண்டுவது அபூர்வம். காலில் கதை வேறு. எந்தத் தசை என்று சொல்லாமல் "மிஞ்சுவார்", "மிஞ்சமாட்டார்" இரண்டுமே அர்த்தமில்லாத பேச்சு.

காரணம் தசையின் தரத்தில் இல்லை. ஒரே பருமன் தசை ஆணிடமும் பெண்ணிடமும் ஏறக்குறைய ஒரே விசையைத்தான் தரும். வேறுபாடு எவ்வளவு தசை, எங்கே என்பதில். 468 பேரை எம்.ஆர்.ஐ.யில் அளந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களின் தசை சராசரி 33 கிலோ, பெண்களுடையது 21. இடைவெளி காலைவிட மேலுடம்பில் பெரிது.

இப்போது காடுகோடி வாசியின் உண்மையான கேள்வி: எதனால் வகுப்பது? கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். 70 கிலோ ஆண், 20 சதவீதம் கொழுப்பு, ஆகவே கொழுப்பற்ற எடை 56. பெஞ்ச் 50, லெக் பிரஸ் 140. பெண் 55 கிலோ, 28 சதவீதம் கொழுப்பு, கொழுப்பற்ற எடை 39.6. பெஞ்ச் 24, லெக் பிரஸ் 95.

அப்படியே பார்த்தால் பெண்ணுடைய பெஞ்ச் ஆணுடையதில் 48 சதவீதம், கால் 68. உடல் எடையால் வகுத்தால் 61, 86. கொழுப்பற்ற எடையால் வகுத்தால் 68, 96. அதே இரண்டு பேர், அதே தூக்கல், மூன்று பதில். கால் வலு கிட்டத்தட்ட சமத்துக்கு வந்துவிட்டது, கை வரவில்லை. மேலே பிசியோ போட்ட தாவலையும் இவர்கள் தலையில் வைத்தால்: வாட் 59 சதவீதம், கிலோவுக்கு வாட் 75, கொழுப்பற்ற கிலோவுக்கு 83. கால் வலு 96-இல் நிற்க, கால் திறன் 83-இல் நிற்கிறது. தாவும்போது கொழுப்பையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்; லெக் பிரஸ்ஸில் அது முதுகுப் பலகையில் சும்மா கிடக்கிறது.

உடல் எடையால் மட்டும் வகுப்பதில் இன்னொரு பொறி. சின்ன உடம்புக்கு அது எப்போதும் சாதகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோப் பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (ராடைத் தோள் வரை ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தூக்கும் முறை) தூக்கியது 115 கிலோ. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோப் பிரிவில் அதே முறையில் 179. பிரிவு எடையால் வகுத்தால் 2.35, 2.32: மீராபாய் ஒரு நூல் மேலே. ஆனால் உடம்பு பெரிதாகும்போது எடை கன அளவில் கூடும், தசையின் குறுக்குவெட்டு சதுர அளவில்தான் கூடும். ஆகவே எடையின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுப்பதே நியாயம். எக்செல்லில் எடைக்குப் பக்கத்தில் ^(2/3) போட்டால் ஆச்சு. 49-க்கு 13.39, 77-க்கு 18.10. இப்போது 8.59, 9.89, மீராபாய் சதீஷில் 87 சதவீதம். உடல் எடையால் வகுத்தபோது காணாமல் போன இடைவெளி திரும்பி வந்துவிட்டது. உங்கள் தாளில் நாலு எண்ணும் இருக்கட்டும்: வெறும் கிலோ, எடையால், எடையின் 2/3 அடுக்கால், கொழுப்பற்ற எடையால்.

அடுத்தது, உங்கள் ஜிம்மில் பெண்களைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கான பதில். நாலு குழுச் சராசரி இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: பெஞ்ச், பயிற்சி இல்லாத ஆண் 45, உள்ள ஆண் 80, பெண் 22, 39. "ஆணுக்கு 35 கிலோ ஏறியது, பெண்ணுக்கு 17 தான்" என்று அவர்கள் சொல்வார்கள். விகிதம் பாருங்கள்: 1.78, 1.77. ஏற்றம் ஒன்றே. 22 தூக்குகிறவரிடம் 35 ஏறவில்லை என்பது அசல் எவ்வளவு என்று பார்க்காமல் வட்டித் தொகையை மட்டும் ஒப்பிடுவது போல. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் லாகரிதம் எடுத்து (அப்போது கிலோ வித்தியாசத்துக்குப் பதில் விகிதம் ஒப்பிடப்படும்), அதன் மேல் இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு (two-way ANOVA) செய்யுங்கள்: பால் ஒரு காரணி, பயிற்சி இன்னொன்று, இரண்டும் சேர்ந்த விளைவு மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் "பயிற்சி ஆணுக்கு மட்டும் அதிகம் பலிக்கிறதா" என்ற கேள்வி. லாகரிதம் இல்லாமல் கிலோவில் செய்தால் அந்த விளைவு இருப்பதுபோலக் காட்டும். எடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். குழுவுக்கு 12 பேர் என்பதால் சராசரியோடு நிற்காமல் 48 புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டுக் காட்டுங்கள்; குழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது அதில்தான் தெரியும்.

ஒன்று மட்டும் இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பிறவியிலேயே வலுவானவர்கள்தான் ஜிம்மில் நிலைக்கிறார்களோ என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. அதற்குப் பயிற்சி இல்லாத 24 பேரையும் 12 வாரம் ஒரே திட்டத்தில் ஓட்டி மறுபடி அளக்க வேண்டும். முதல் நாலைந்து வார ஏற்றம் பெரும்பாலும் நரம்பின் வேலை, தசை அதற்குப் பின்னால்தான்; ஆறாம் வாரத்தில் நிறுத்தி "பார், உடம்பு ஏறவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

---

காடுகோடி வாசி:

மிக்க நன்றி. மூன்று நாளாகப் பிரித்துக்கொள்கிறோம், 10 கிலோ ராடுக்கும் சொல்லியாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம். ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசை நம்பலாமா? மாதவிடாய் நாள் பார்த்துத் தேதி வைக்க வேண்டுமா? 50, 60 வயதுப் பெரியவர்கள் சிலர் தாங்களும் வருவோம் என்கிறார்கள், என்ன செய்வது?

---

பிசியோ மல்லேசுவரம்:

தராசு உடம்பிலுள்ள நீரைப் பார்த்துத்தான் கொழுப்பை ஊகிக்கிறது. காலை, வெறும் வயிறு, கழிப்பறை போய்வந்த பிறகு, உடற்பயிற்சிக்கு முன். எல்லோருக்கும் இதே நிலை என்றால் ஒப்பிட உதவும். அதில் 5 புள்ளி தப்பினால் 55 கிலோப் பெண்ணுக்கு 2.75 கிலோ, அதாவது கொழுப்பற்ற எடையில் 7 சதவீதம் நகரும். எண்கணக்கு போட்ட 96 அதிலேயே 103 ஆகவோ 90 ஆகவோ மாறிவிடும். தோல் மடிப்பை அளக்கும் கேலிப்பர் கிடைத்தால் அது மேல். ஆண்களுக்கு மார்பு, வயிறு, தொடை. பெண்களுக்கு மேற்கையின் பின்புறம், இடுப்பெலும்புக்கு மேல், தொடை. வலப்பக்கம் மட்டும், இடத்துக்கு மூன்று முறை, நடு எண். 24 பெண்களையும் ஒரே பெண்ணே அளக்கட்டும்.

மாதவிடாய் நாளைப் பார்த்துத் தேதி வைக்க வேண்டாம். வலுவில் அதனால் வரும் மாற்றம் சிறியது, ஆளுக்கு ஆள் வேறு. சொல்ல விரும்புகிறவர்களிடம் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வயிற்று வலி உள்ளவருக்கு வேறு நாள் கொடுங்கள்.

பெரியவர்களைத் தாராளமாக வரச் சொல்லுங்கள், ஆனால் இந்த 48 பேரோடு கலக்காதீர்கள், ஒற்றை உச்சமும் தாவலும் வேண்டாம். கைப்பிடி மானியும் (கை இறுக்கும் விசையை அளக்கும் கருவி) நாற்காலியும் போதும். மானி நீரழுத்த வகை என்றால் உட்கார்ந்து முழங்கை 90 டிகிரி. ஸ்பிரிங் வகை என்றால் நின்று கையை நேராகத் தொங்கவிட்டு. இரண்டையும் கலந்தால் எண்கள் சேராது. ஆசிய நாடுகளுக்கென்று 2019-இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்ணுக்கு 18-க்குக் கீழும் இருந்தால் வலு குறைவு. நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அவரையும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியைச் சுவரோடு முட்டுக் கொடுத்து வையுங்கள், அடியில் சக்கரம் வைத்த நாற்காலி கூடாது.

---

இரும்புத்தட்டு:

பழக்க நாளிலேயே ஒவ்வொருவரின் லெக் பிரஸ் முதுகுப் பலகை எண், பெஞ்சில் கைப்பிடி அகலம், போட்டிருந்த ஷூ மூன்றையும் அவர் பெயருக்கு நேரே எழுதிவிடுங்கள். சோதனை நாளில் பலகை ஒரு துளை மாறினாலே கால் எண் நகரும். 12 வாரம் கழித்து மறுபடி அளக்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.